காரிகையும் பேரிகையும்

காரிகை கற்றுக் கவி பாடுவதைக் காட்டிலும் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல் என்று தமிழ்நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. இந்தப் பழமொழியை முதன்முதலில் சொன்னவர் யாரோ அறியோம். ஆனால் அவர் யாப்பருங்கலக் காரிகையை உருப்போட்டு, ஒப்பிக்க இயலாமல், உபாத்தியாயரிடம் பிரம்படி பட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்பது நம்முடைய திடமான அபிப்பிராயம். நேர், நிரை, தேமா, புளிமா என்று தொடங்கினாலே பிள்ளைகளின் முகம் சுருங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் ஒரு குறளைக் கொடுத்து, அலகிட்டு வாய்பாடு எழுதும்படி கேட்பதுண்டு. பிள்ளைகளும் கணக்குப் போடுவதுபோல் கட்டம் கட்டிப் போட்டு, உரிய மதிப்பெண்ணை வாங்கிவிடுகிறார்கள். பரீட்சை முடிந்ததும் தேமாவும் புளிமாவும் பழைய புஸ்தகங்களோடு கடைக்குப் போய்விடுகின்றன. வாழ்நாளில் ஒரே ஓர் அடியாவது தாமாகக் கட்டிப் பார்த்தவர் அவர்களுள் எத்தனை பேர்?

இந்த நிலையைக் கண்டு பெருமூச்செறிவதோடு நில்லாமல், ஏதேனும் செய்து பார்ப்போம் என்று துணிந்து, கண்டாச்சிபுரத்தில் ஒரு திண்ணையில் சனி, ஞாயிறு மாலைகளில் சில பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாட்டுக் கட்டப் பழக்கி வருகிறோம். வெண்பாவோடு நில்லாமல், ஆங்கிலத்தில் ‘ஸானெட்’ என்று வழங்கும் பதினான்கு அடிப் பாட்டையும் அவர்கள் தமிழில் எழுதிப் பார்த்தார்கள். அந்த அனுபவத்தில் நேயர்களோடு பகிர்ந்துகொள்ளத் தக்கவை சில உண்டு.

கண்டாச்சிபுரம் விழுப்புரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையில் உள்ள ஊர். பழைய தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. 1993ஆம் ஆண்டு முதல் விழுப்புரம் ஜில்லாவில் அடங்கியது. பாறைக் குன்றுகளும், மானாவாரி நிலமும், மல்லாட்டையும், கரும்பும், பனையுமாக உள்ள சீமை. வேர்க்கடலையைத்தான் இப்பக்கத்தில் மல்லாட்டை என்கிறார்கள். கவிதைக்கும் இந்த மண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர், சற்றுத் தெற்கே போய்ப் பெண்ணையாற்றங்கரையில் நிற்க வேண்டும். அங்கே திருக்கோவலூர் இருக்கிறது. 2019ஆம் ஆண்டில் அந்த ஊர் கள்ளக்குறிச்சி ஜில்லாவுக்குப் போய்விட்டது. ஆயினும் கவிதைக்கு ஜில்லா எல்லை கிடையாது. பாரி மகளிரோடு பேசப்படும் கபிலரின் பெயரால் அங்கே ஆற்றின் நடுவே ஒரு குன்று நிற்கிறது. முதலாழ்வார் மூவரும் மழை பெய்யும் ஓர் இருண்ட இரவில் ஒருவரையொருவர் சந்தித்ததாகச் சொல்லப்படும் இடைகழியும் அந்த ஊரில்தான்.

அந்தக் கதையை அறியாதவர் அரியர். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும்படியான ஒரு சிறு இடைகழி. மூவரும் நின்று கொண்டிருந்தபோது நான்காவதாக ஒருவர் வந்து நெருக்கினாராம். யார் என்று பார்க்க விளக்கு வேண்டியிருந்தது. ஆழ்வார்கள் விளக்கைப் பாட்டால் ஏற்றினார்கள். அப்படிப் பிறந்தவையே மூன்று திருவந்தாதிகள். ஒவ்வொன்றும் நூறு வெண்பாக்கள் கொண்டது. நாம் பிள்ளைகளுக்கு யாப்பைப் பற்றிச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இந்தக் கதைதான். “வெண்பா என்பது ஓர் இடைகழி. இடம் குறைவு. கை காலை வீசிக்கொண்டு நடக்க முடியாது. ஆனால் இடம் குறைந்ததனாலேதான் நெருக்கம் உண்டாகிறது, நெருக்கம் உண்டானதனாலேதான் வந்தவர் யார் என்று தெரிகிறது” என்றோம். பிள்ளைகள் தலையசைத்தார்கள். அவர்களுள் குறும்புக்காரனான ஒரு தம்பி மட்டும், “ஐயா, மாடவீதியில் நின்றிருந்தால் நெருக்கம் இருந்திருக்காது, ஆனால் நனைந்திருப்பார்கள்” என்றான். இலக்கணத்துக்கு இதைவிட நல்ல நியாயம் எந்த உரையாசிரியரும் சொன்னதாக நமக்கு நினைவில்லை.

அடுத்த பாடம் ஊர்ப் பொருள்களிலிருந்து தொடங்கியது. நேர் என்றால் ஒரு தட்டு, நிரை என்றால் இரண்டு தட்டு என்று கையால் தொடையில் தட்டச் சொன்னோம். ‘ஏரி’ தேமா, ‘கரும்பு’ புளிமா, ‘பனைமரம்’ கருவிளம், ‘மல்லாட்டை’ தேமாங்காய், அதையே ‘வேர்க்கடலை’ என்று சொன்னால் கூவிளங்காய். ‘புளியங்காய்’ என்ற சொல் புளிமாங்காய்ச் சீராக வந்து விழுந்தபோது திண்ணை முழுதும் ஒரே சிரிப்பு. அன்றைக்கு வீடு திரும்பியவர்கள் வழியில் கண்ட பொருள்களையெல்லாம் தட்டிக்கொண்டே போனார்கள் என்று மறுவாரம் ஒரு தாயார் வந்து முறையிட்டார். சோற்றுத் தட்டிலும் தாளம் கேட்டதாம்.

இதற்குப் பிறகு ஒரு சிக்கல் வந்தது. சொந்த ஊரின் பெயரை வெண்பாவில் வைத்துப் பாட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. ‘கண்டாச்சிபுரம்’ என்பதை அலகிட்டால் நேர், நேர், நிரை, நேர் என்று நான்கு அசை வருகிறது. வெண்பாவுக்குள் நாலசைச் சீர் நுழையக் கூடாது. ‘கண்டாச்சி’ என்று ஒரு சீரும் ‘புரத்தில்’ என்று மற்றொரு சீருமாகப் பிரித்தால், காய்க்கு முன் நிரை வந்து தளை தட்டுகிறது. பிள்ளைகளுக்கு மிகுந்த மனவருத்தம். “நம் ஊருக்கு வெண்பாவில் இடமே இல்லையா, ஐயா?” என்று கேட்டார்கள். அப்போதுதான் வகையுளி என்ற உபாயத்தைச் சொன்னோம். பொருள் நோக்கிப் பிரிக்காமல் ஓசை நோக்கிப் பிரிப்பது அது. ‘கண்டாச் சிபுரம்’ என்று பிரித்தால் முதற் சீர் தேமா, அடுத்தது புளிமா. மா முன் நிரை; குறைவற்ற இயற்சீர் வெண்டளை. வெண்பாவின் வாசல் திறந்துவிட்டது. வகையுளி என்னும் சொல்லை அந்தப் பிள்ளைகள் இனி மறக்கமாட்டார்கள். அவர்கள் ஊரே அதன் வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது.

சில வாரங்களில் குறள்வெண்பா கட்டத் தொடங்கினார்கள். பெரும்பாலானவை கல்வியின் சிறப்பையும் தாயின் பெருமையையும் பற்றியவை. தளை தட்டாமல் இருந்தன; அவ்வளவே. அவற்றினிடையே ஒன்பதாம் வகுப்பு வாசிக்கும் ஒரு பிள்ளை, குடியானவர் வீட்டுப் பையன், தயங்கித் தயங்கி நீட்டிய காகிதத்தில் இது இருந்தது:

மல்லாட்டை காயும் களத்தில் மழைத்துளி
சொல்லாமல் வந்தால் துயர்.

நாம் இதை இரண்டு முறை வாசித்தோம். எதுகை இருக்கிறது, மோனை இருக்கிறது, தளை செவ்வையாக இருக்கிறது, ஈற்றுச் சீர் ‘மலர்’ என்னும் வாய்பாட்டில் முடிகிறது. இவை ஒரு புறம் இருக்கட்டும். மழையைத் துயர் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! பாடப் புஸ்தகத்திலே மழை எப்போதும் அமிர்தம். வான்சிறப்பு மனப்பாடப் பகுதி. ஆனால் பிடுங்கி உலர்த்திய மல்லாட்டையின் மேல் மழை விழுந்தால் காய் கறுத்துப் போகும், வியாபாரி விலையைக் குறைப்பான் என்பது அவன் வீட்டில் கண்ட உண்மை. படித்ததை விட்டுக் கண்டதைச் சொல்ல அவனுக்கு அந்த ஒன்றே முக்கால் அடி இடம் கொடுத்தது.

இப்போது ஸானெட்டுக்கு வருவோம். “நம்மிடம் பாவும் பாவினமும் ஆயிரம் கிடக்க, அயலார் சரக்கு எதற்கு?” என்று தேசாபிமானமுள்ள அன்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. விடை சொல்ல வேண்டுமானால் அந்தச் சரக்கின் பிறப்பு வளர்ப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

ஸானெட் பிறந்தது இங்கிலாந்தில் அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவில், இரண்டாம் பிரெடரிக் சக்கரவர்த்தியின் சபையில் பிறந்தது. அதை முதலில் கட்டியவர் என்று சொல்லப்படும் ஜாகோமோ த லெந்தினி என்பவர் பத்திரம் எழுதும் உத்தியோகஸ்தர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் கர்ணம் போன்றவர். அளவு பார்த்து எழுதும் பழக்கம் அவருக்கு இருந்ததில் ஆச்சரியம் இல்லை. அடுத்த நூற்றாண்டில் பெத்ரார்க் என்னும் இத்தாலியக் கவி, லாரா என்னும் பெண்ணை நினைந்து முந்நூறுக்கு மேற்பட்ட ஸானெட்டுகளைப் பாடினார். பதினாறாம் நூற்றாண்டில் வயட், ஸர்ரே என்ற இரு கவிகள் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஷேக்ஸ்பியரின் 154 ஸானெட்டுகள் 1609ஆம் ஆண்டில் அச்சேறின. ஆகவே அது ஆங்கிலேயருக்கும் விருந்தாளியாக வந்ததுதான். விருந்தாளி இன்னும் ஒரு வீட்டுக்கு வந்தால் நஷ்டம் யாருக்கு?

இந்தியாவில் அந்த விருந்தாளியை அழைத்துவந்தவர்களுள் ஒருவர் வங்கக் கவி மைக்கேல் மதுசூதன தத்தர். நம் சென்னைக்கும் அவருக்கும் உறவு உண்டு. 1848 முதல் 1856 வரை அவர் சென்னையில் உபாத்தியாயராகவும் பத்திரிகை எழுத்தாளராகவும் வாழ்ந்தார். 1849இல் தம் ஆங்கிலக் காவியம் ஒன்றை இங்கேதான் பிரசுரித்தார். ஆங்கிலத்தில் புகழ் தேடிப் புறப்பட்ட அவர், பின்னர்த் தாய்மொழிக்குத் திரும்பி வங்காளியிலே பெருங்காவியம் பாடினார். 1865ஆம் ஆண்டில், பிரான்ஸ் தேசத்து வெர்சேல்ஸ் நகரில், கையில் காசில்லாமல், ஈசுவர சந்திர வித்யாசாகரர் அனுப்பிய பணத்தால் பிழைத்துக்கொண்டிருந்த காலத்தில், பதினான்கு அடிப் பாட்டுக்களை வங்காளியில் எழுதினார். அடுத்த ஆண்டில் அவை நூலாக வந்தன. அவற்றில் ஒன்று அவருடைய சொந்த ஊர் ஆறாகிய கபோதாட்சத்தைப் பற்றியது. கடல் கடந்து போய், அயல் நாட்டு யாப்பை எடுத்துக்கொண்டு, அவர் பாடியது தம் ஊர் ஆற்றை! அன்பரின் கேள்விக்கு இதுவே போதிய விடை என்று நினைக்கிறோம்.

தமிழில் அந்தக் காரியத்தைச் செய்தவர் பரிதிமாற் கலைஞர் என்று நாம் போற்றும் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார். 1870ஆம் ஆண்டில் மதுரையை அடுத்த விளாச்சேரியில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, அங்கேயே தமிழாசிரியரானார். வகுப்பில் பாடம் சொன்னதோடு அமையாமல், தமிழில் உண்மையான பற்றுள்ள மாணவர்களைத் தேர்ந்தெடுத்துத் தனியே கற்பித்தார். அவர்களை ‘இயற்றமிழ் மாணவர்’ என்று அழைத்தார். ஸானெட்டைத் தமிழில் எழுதி, அதற்குத் ‘தனிப்பாசுரம்’ என்று அழகான பெயரும் இட்டார். ‘தனிப்பாசுரத் தொகை’ என்ற அந்த நூலை வெளியிடும்போதுதான் சூரியன் என்பதைப் பரிதி என்றும், நாராயணன் என்பதை மால் என்றும், சாஸ்திரி என்பதைக் கலைஞன் என்றும் மாற்றிப் புனைபெயர் பூண்டார். எழுதியவர் இன்னார் என்று அறிந்து, முகத்துக்காகப் புகழ வேண்டாம். பாட்டைப் பார்த்து மதிப்பிடட்டும் என்பது அவர் கருத்து. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி. யு. போப் ஐயர், இந்தத் தனிப்பாசுரங்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். மேல்நாட்டு யாப்பு தமிழுடை உடுத்து மீண்டும் மேல்நாட்டுக்கே போன விந்தை அது.

பல்கலைக் கழகப் பாடத் திட்டத்திலிருந்து தமிழை நீக்கிவிட யோசனை எழுந்தபோது அதை எதிர்த்து நின்றவர்களுள் சாஸ்திரியார் முன்னணியில் இருந்தார். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று அப்போதே எடுத்துக்காட்டினார். இந்திய அரசாங்கம் அதை அங்கீகரித்தது 2004ஆம் ஆண்டில். அதைக் காண அவர் இல்லை. 1903 நவம்பரில், முப்பத்துமூன்றாம் வயதிலேயே காலமானார். பல்கலைக் கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டுப் போராடிய அதே கை அயல் நாட்டு யாப்பைத் தமிழுக்குக் கொண்டுவந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். தம் வீட்டில் உறுதியாக நிற்பவனுக்குத்தான் வாசற் கதவைத் திறக்கத் துணிவு வருகிறது.

இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, ஸானெட்டின் உறுப்புகளை விளக்கினோம். பெத்ரார்க்கின் முறையில் முதல் எட்டு அடி ஒரு பகுதி, பின் ஆறு அடி ஒரு பகுதி. ஷேக்ஸ்பியர் முறையில் நான்கு நான்காக மூன்று பகுதிகளும் கடைசியில் ஈரடியும். எப்படியானாலும் நடுவில் ஒரு திருப்பம் உண்டு. சென்ற வழியே சென்றுகொண்டிருந்த வண்டி ஓரிடத்தில் வேறு சாலைக்குத் திரும்புகிறது. முன்பகுதி ஒன்றைச் சொல்லும்; பின்பகுதி, “ஆனாலும்” என்றோ, “ஆகையால்” என்றோ தொடங்கி மற்றொன்றைச் சொல்லும். அந்தத் திருப்பம் இல்லையானால் பதினான்கு அடி இருந்தும் அது ஸானெட் ஆகாது.

இந்தத் திருப்பம் தமிழுக்குப் புதியதன்று என்பதையும் காட்டினோம். கலித்தொகையைப் பாருங்கள். தரவு, தாழிசை என்று விரிந்து வந்த பாட்டு, ‘ஆங்கு’ என்பது போன்ற ஒரு தனிச்சொல்லில் சற்று நின்று, சுரிதகத்தில் திரும்பி முடிகிறது. நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் இறுதியில் தனிச்சொல் ஒரு கணம் நின்று மூச்சு விடுகிறது. சிசிலித் தீவின் கர்ணம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்னரே நம் புலவர்கள் திருப்பத்தை அறிந்திருந்தார்கள்.

ஓசையில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலக் கவி அடியின் இறுதியில் ஓசையை ஒன்றச் செய்கிறான். நாம் அதை இயைபு என்போம். தமிழில் அது மிகவும் எளிது. வந்தான், சென்றான், நின்றான், தின்றான் என்று வினைமுற்றை அடுக்கினாலே இயைபு கொட்டுகிறது. எளிதில் கிடைப்பதற்கு மதிப்பு ஏது? அதனால்தான் நம் முன்னோர் அடியின் தொடக்கத்தில் எதுகையை வைத்தார்கள் போலும். பிள்ளைகளுக்கும் அதையே சொன்னோம்: “இரண்டிரண்டு அடியாக எதுகை வரட்டும், அது கருத்தை இழுத்தால் கருத்துக்கு வழி விடுங்கள்.” பாவாக ஆசிரியப்பாவை எடுத்துக்கொண்டோம். வெண்பாவில் பதினான்கு அடி எழுதினால் பஃறொடையின் எல்லையாகிய பன்னிரண்டைக் கடந்து கலிவெண்பாவாகிவிடும், கட்டுப்பாடும் கடினம். ஆசிரியப்பாவுக்கு மேல் எல்லை இல்லை. பேச்சுக்கு நெருங்கிய ஓசையும் உடையது.

எழுதுவதற்கு முன் வாசிக்க வேண்டுமல்லவா? ஷேக்ஸ்பியரின் பதினெட்டாம் ஸானெட்டின் கருத்தைத் தமிழில் சொன்னோம். அன்புக்குரியவரைக் கோடை நாளோடு ஒப்பிடலாமா என்று கவி கேட்கிறார் என்றதும் ஒரு பெண் எழுந்து, “ஐயா, கத்திரி வெயிலோடு ஒப்பிட்டால் அவருக்குக் கோபம் வராதா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலிருந்து ஒரு நல்ல பாடம் பிறந்தது. குளிரில் நடுங்கும் தேசத்தில் கோடைதான் இன்பம். கண்டாச்சிபுரத்துப் பாறைகள் அனல் கக்கும் சித்திரையில் அது தண்டனை. மல்லாட்டைக் களத்துக்கு மழை துயரானதுபோலத்தான் இதுவும். ஒரு கவியைப் புரிந்துகொள்வதென்றால் முதலில் அவன் ஊரின் வெயிலையும் மழையையும் புரிந்துகொள்ள வேண்டும். குறளடி எழுதிய பையன் இதைக் கேட்டுத் தலை நிமிர்ந்து உட்கார்ந்ததை நாம் கவனித்தோம்.

முதலில் வந்த பதினான்கடிப் பாட்டுக்கள் ஒன்பது. அவற்றில் ஆறு நிலாவைப் பற்றியவை. எழுதிய தினம் அமாவாசை என்பதை அவர்களில் ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை! எஞ்சியவற்றிலும் ‘மாதோ’, ‘அம்ம’, ‘மன்னோ’ என்ற அசைச் சொற்கள், காலியான சாக்கில் வைக்கோல் அடைத்தாற்போல் அடைந்து கிடந்தன. அதற்குப் பரிகாரமாக இரண்டு விதிகளை ஏற்படுத்தினோம். காலையிலிருந்து மாலைக்குள் கண்ணால் கண்டதை மட்டுமே பாட வேண்டும். எட்டாம் அடி முடிந்ததும் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, “சரி, அதனால் என்ன?” என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும், விடை கிடைத்தால்தான் ஒன்பதாம் அடி.

இரண்டாவது விதி வேலை செய்தது. ஒரு பிள்ளை வறண்ட ஏரியைப் பற்றி எழுதினான். முதல் எட்டு அடியில் கருவேலம் புதரும், வெடித்த தரையும், தூர் வாராதவர்கள் மேல் வசையும். எட்டாம் அடியில் நின்றுவிட்டான். ஒரு வாரம் எழுதவில்லை. மறுவாரம் கொண்டுவந்த ஆறு அடிகளில் வசை இல்லை. ஏரியில் நீர் நின்ற நாளில் அவன் நீந்தக் கற்றுக்கொண்டான். அவன் தம்பிக்கு இப்போது பத்து வயது, நீந்தத் தெரியாது என்று முடித்திருந்தான். வசையைக் காட்டிலும் அந்தச் செய்தி நம்மைச் சுட்டது. “அதனால் என்ன?” என்ற கேள்விக்கு அவன் கண்டுபிடித்த விடை அது.

கத்திரி வெயிலைப் பற்றிக் கேட்ட பெண்ணின் பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் தகப்பனார் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். இப்பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் அப்படித்தான். இரவில் கைப்பேசியில் கூப்பிடுவார். தினந்தோறும் ஒரே கேள்வி. அதற்கு மேல் பேசத் தெரியாதவர். முதல் எட்டு அடியில் அவள் அதைக் குறையாகச் சொல்லியிருந்தாள்: மதிப்பெண் வாங்கியதைக் கேட்கமாட்டார், காய்ச்சல் வந்ததைக் கேட்கமாட்டார் என்று. ஒன்பதாம் அடியில் திருப்பம் வந்தது. கடைசி இரண்டு அடிகளில், ‘உண்டனையோ’ என்ற சொல்லைத் தவிர வேறு கவிதை அறியாதவர் என்று முடித்திருந்தாள். வாசித்து முடித்ததும் முன்சொன்ன குறும்புக்காரத் தம்பி, “உங்கள் அப்பா போனில் ‘உண்டனையோ’ என்றா கேட்பார்?” என்றான். பெண் முகம் சிவந்தது. ஒன்றும் சொல்லாமல் காகிதத்தை வாங்கிக்கொண்டு போய்த் திண்ணையின் கோடியில் உட்கார்ந்து தொடையில் தட்டத் தொடங்கினாள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து நீட்டினாள்:

சாப்பிட் டாயா எனுஞ்சொல்
அன்றியோர் கவிதை அறியார் அப்பாவே.

‘சாப்பிட்டாயா’ நாலசைச் சீர். ஊர்ப் பெயருக்குச் செய்த உபாயத்தையே அப்பாவின் சொல்லுக்கும் செய்திருந்தாள். ஈற்றயலடி மூன்று சீராக வந்து, கடைசி அடி ஏகாரத்தில் முடிந்து, நேரிசை ஆசிரியம் நிறைந்துவிட்டது. காரிகை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம். புலவர் சொல்லை வைத்து அளவுக்கு அடங்கிப் போவதா, வீட்டுச் சொல்லை அளவுக்குள் கொண்டுவருவதா என்று அவள் முன் ஒரு கேள்வி நின்றது. இலக்கணம் தெரிந்ததனால்தான் இரண்டாவதை அவளால் செய்ய முடிந்தது.

“அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாயா, அம்மா?” என்று அடுத்த வாரம் கேட்டோம்.

“வாசித்தேன், ஐயா. முழுதும் கேட்டார்.”

“என்ன சொன்னார்?”

“கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டார்” என்றாள்.

பெற்றோர்களில் சிலர் நம்மிடம் வந்து, “இதனால் என்ன பிரயோசனம், ஐயா? மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு உதவுமா?” என்று கேட்பதுண்டு. அவர்கள் கவலை பொய்யான கவலை அன்று. ஒரு மதிப்பெண் குறைந்ததனால் வாசல் மூடிப் போகும் காலம் இது. நுழைவுத் தேர்வுக்கு இது உதவாது என்றே நாம் நேரிடையாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் தன் வீட்டில் நடப்பதைத் தன் சொல்லால், அளவு தவறாமல், முன்னுக்குப் பின் முரணில்லாமல் பதினான்கு அடியில் சொல்லத் தெரிந்த பிள்ளையை, நாளைக்கு மேடையில் முழங்குபவர் யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. வெற்றுச் சொல் எது, விஷயமுள்ள சொல் எது என்று அதன் காது கண்டுபிடித்துவிடும். சுயராஜ்யம் பெற்ற ஒரு தேசத்துக்கு அப்படிப்பட்ட காதுகள் எத்தனை இருந்தாலும் போதாது.

சொந்த மொழியில் ஒரு செய்தியைத் திருத்தமாகச் சொல்ல இயலாதவனுக்குப் பிறர் சொல்வதை ஒப்பிப்பதே கதியாகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் அவன் மொழியில் ஒப்பித்தோம்; இப்போது விளம்பரக்காரர் மொழியில் ஒப்பிக்கிறோம். ஒப்பித்தலிலிருந்து விடுபடுவதற்குப் பாட்டுக் கட்டுதல் ஒரு நல்ல அப்பியாசம். எல்லோரும் கவிகளாகிவிடுவார்கள் என்று நாம் நம்பவில்லை. ஆக வேண்டிய அவசியமும் இல்லை. பாட்டுக் கற்ற பெண்கள் எல்லோரும் கச்சேரி செய்கிறார்களா என்ன? ஆனால் கச்சேரியில் எங்கே தலையசைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிகிறது.

இதற்குப் பண்டிதர் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, சமையலறையில் உள்ள பண்டங்களின் பெயரைத் தொடையில் தட்டச் சொல்லுங்கள். எது தேமா, எது புளிமா என்று பாட்டியும் சேர்ந்து பார்க்கட்டும். பிறகு இரண்டு அடியில் ஒரு குறள்வெண்பா; தளை தட்டினால் தட்டட்டும். நிலா மட்டும் வேண்டாம். அன்று வீட்டில் நடந்தது ஏதாவது ஒன்றாக இருக்கட்டும். அது நன்றாகப் பழகிய பின், பரிதிமாற் கலைஞர் காட்டிய பதினான்கு அடிக்குப் போகலாம். எட்டாம் அடியில், “அதனால் என்ன?” என்று கேட்க மறந்துவிடாதீர்கள்.

பேரிகை கொட்டுகிறவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்புக்கு ஒரு குறைவும் இல்லை. நம் பிள்ளைகளில் சிலராவது காரிகை கற்கட்டும்.